தூண்மேல் நின்றவரிடம் தவணை கட்டுகிறவர் என்ன கற்பது?

உங்கள் கேள்வி ஒரே வரிதான்: ஐந்தாம் நூற்றாண்டில் சிரியாவில் ஏறத்தாழ 37 ஆண்டு தூண்மேல் நின்று தவம் செய்த புனித சிமியோனிடமிருந்து, வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் இன்றைய கத்தோலிக்கர் என்ன கற்றுக்கொள்ள முடியும்? முதல் பார்வைக்குக் கேலி போலத்தான் இருந்தது. அதன்கீழ் நீங்கள் சேர்த்திருந்த சில வாக்கியங்களைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. மறையுரையில் புனிதர் வரலாறு கேட்கும்போதெல்லாம் குற்றவுணர்வுதான் மிஞ்சுகிறது என்கிறீர்கள். பாதிக் கதைகளை நம்பவும் முடியவில்லை என்கிறீர்கள். ஆக, கேட்டிருப்பது இரண்டு: இவற்றை நம்பலாமா? நம்பினால், என் வாழ்க்கையோடு அவை எங்கே ஒட்டுகின்றன?

நான் திருச்சபை வரலாறு முறையாகப் படித்தவன். அருள்பணியாளர் ஆகவில்லை, மணம் முடித்துக்கொண்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரியவர்களுக்கான மறைக்கல்வி வகுப்புகளில் புனிதர்களின் வாழ்வைப் பற்றிப் பேசி வருகிறேன். உங்கள் குற்றவுணர்வை அந்த வகுப்புகளில் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதற்குக் காரணம் புனிதர்கள் இல்லை, அவர்கள் கதையை நாம் வெட்டிச் சொல்லும் விதம். தொட்டிலில் ஓர் அறிகுறி இருக்கும், மரணப் படுக்கையில் ஓர் ஒளி இருக்கும். இடையில் கிடக்கும் இருபது முப்பது ஆண்டுகளை "செபத்திலும் தவத்திலும் காலம் கழித்தார்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நமக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் புதைந்து கிடக்கிறது.

முதலில் நம்பிக்கை பற்றி. ஒருவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கும்போது திருச்சபை உறுதியாகச் சொல்வது கொஞ்சம்தான்: இவர் இறைவனோடு இருக்கிறார், இவருக்குப் பொதுவில் வணக்கம் செலுத்தலாம், இவருடைய பரிந்துரையை நாடலாம். அவரைப் பற்றிய ஒவ்வொரு கதையும் நடந்தது என்று அது சொல்வதில்லை. பழங்கதைகளைச் சலித்துப் பார்ப்பது இன்றைய நாத்திகர்கள் தொடங்கிய வேலையும் இல்லை. இயேசு சபையைச் சேர்ந்த பொலாண்டியர் என்ற அறிஞர் குழு 1643-லேயே புனிதர் ஆவணங்களைச் சரிபார்த்து வெளியிடத் தொடங்கிவிட்டது. அவர்களில் ஒருவரான பாப்பெப்ரோக், கார்மெல் துறவு சபையைத் தொடங்கியவர் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எலியாதான் என்ற மரபை ஏற்க மறுத்து எழுதினார். 1695-ல் திருச்சபைக் கொள்கைக்கு மாறான கருத்துகளை விசாரித்துத் தண்டித்த ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் அவர் உழைத்த தொகுதிகளைக் கண்டித்தது. 1969-ல் திருவழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது, குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த கிறிஸ்தோபரின் நினைவு பொது நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அவருடைய புனிதர் தகுதி பறிபோய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு, மறைசாட்சியர் பட்டியலில் அவர் பெயர் இன்றும் உண்டு. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த அப்படி ஒரு மறைசாட்சி இருந்தார் என்பது ஒன்று, ஆற்றங்கரைக் கதை வேறொன்று.

ஆகவே நான் வகுப்பில் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. புனிதரே எழுதியதோ சொல்லி எழுத வைத்ததோ இருந்தால் அதற்கு முதலிடம். அவரை நேரில் அறிந்தவர்களின் சாட்சியத்துக்கு அடுத்த இடம். அவர் இறந்து நூறு, இருநூறு ஆண்டு கழித்து வந்த கதைகளை, மக்கள் அவரை எப்படி நேசித்தார்கள் என்பதற்கான சான்றாக மட்டும் படிக்கலாம். அசிசி பிரான்சிஸ் 1219-ல், சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோது, எகிப்து சுல்தான் அல்காமிலைச் சந்திக்கப் போனதைப் பற்றி அவர் காலத்தவரே எழுதியிருக்கிறார்கள், அது வரலாறு. குப்பியோ ஊரில் ஓநாயோடு ஒப்பந்தம் செய்துகொண்டது அவர் இறந்து நூறாண்டுக்குப் பிறகு தொகுத்த கதைகளில் வருகிறது. அமைதியின் கருவியாக என்னை ஆக்கும் என்று அவர் பெயரில் நாம் பாடும் செபம் 1912-ல் ஒரு பிரெஞ்சு இதழில், எழுதியவர் பெயர் இல்லாமல், முதன்முதலாக வெளிவந்தது. அதைச் சொன்னதும் ஒருமுறை வகுப்பில் ஒரு அம்மா முகம் வாடிப்போனார். செபம் நல்ல செபம்தான் அம்மா, தொடர்ந்து சொல்லுங்கள் என்றேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புனிதர் வரலாறு படிப்பது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று ஒரு புனிதரே. 1521-ல் ஸ்பெயினின் பாம்பிலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்ததால் படுத்துக் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கியவர், வீரசாகசக் கதைகள் கேட்டார். அவர் படுத்திருந்த குடும்ப வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளும். அவற்றைப் படித்தவருக்கு முதலில் வந்தது போட்டி மனப்பான்மை: பிரான்சிஸ் செய்ததை நான் செய்தால் என்ன, தோமினிக் செய்ததை நான் செய்தால் என்ன? எழுந்து நடக்கத் தொடங்கியதும் அப்படியே செய்யவும் செய்தார். மன்ரேசா என்ற ஊரில் முடியையும் நகத்தையும் வெட்டாமல் விட்டார், கடும் நோன்பு இருந்தார், பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் நிம்மதி கிடைக்காமல் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்வரை போனார். ஒரு வாரம் உண்ணாமல் இருந்தவரைச் சாப்பிட வைத்தது பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவின் கட்டளை. பிறகு தானாகவே முடியையும் நகத்தையும் வெட்டிக்கொண்டார். இவை எல்லாம் முதுமையில் அவரே சொல்லி எழுதுவித்த வரலாற்றில் இருக்கின்றன. பிற்காலத்தில் பிரான்சிஸ் போர்ஜியா என்ற பிரபு அளவுக்கு மீறி நோன்பு இருந்தபோது, உடலும் கடவுள் கொடுத்ததுதான், குறைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் கடிதம் எழுதியவரும் இவர்தான்.

புனிதர் வரலாற்றை அவரும் முதலில் தவறாகத்தான் படித்தார். செயலை நகலெடுக்கப் பார்த்தார், உடம்பு கெட்டது. அவரைக் காப்பாற்றியது படுக்கையில் கவனித்த இன்னொரு விஷயம்: அரசவைப் பெண்ணையும் வீரத்தையும் கற்பனை செய்தபோது அந்த நேரத்துக்கு இனித்தது, பிறகு மனம் வறண்டது, புனிதர்களைப் பற்றி நினைத்தபோது கிடைத்த மகிழ்ச்சி பிறகும் தங்கியது. எந்த எண்ணம் எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்கும் அந்தப் பழக்கம்தான் பின்னாளில் தேர்ந்து தெளிதல் என்ற பயிற்சியாக வளர்ந்தது. இரவில் ஒரு மணிநேரம் கைப்பேசியைத் தடவிவிட்டு வைக்கும்போது மனதில் என்ன மிஞ்சுகிறது என்று கவனித்துப் பாருங்கள். இஞ்ஞாசியார் செய்தது ஏறக்குறைய அதுதான்.

நடுப்பகுதி என்று சொன்னேனே, அதற்கு அவிலா தெரேசா நல்ல இடம். திருச்சபை தன் போதனைக்கு வழிகாட்டியாக ஏற்ற மறைவல்லுநர், செபத்தின் ஆசிரியை. அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதில் ஒரு பகுதியை வகுப்பில் வாசித்தால் எப்போதும் சிரிப்பு எழும். பல ஆண்டுகள் செப நேரத்தில், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன் என்கிறார். இடையில் ஓராண்டுக்கும் மேலாகத் தனிச்செபத்தையே விட்டுவிட்டார். நான் இருக்கும் நிலையில் இறைவன் முன் போவது ஆணவம் என்று அதற்கு ஒரு தாழ்ச்சிச் சமாதானம் வேறு சொல்லிக்கொண்டார். அது போலித் தாழ்ச்சி என்று பிறகு அவரே எழுதுகிறார். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் இந்த ஊசலாட்டம். கார்மெல் சபையில் அவர் தொடங்கிய சீர்திருத்தத்தின் முதல் மடத்தை 1562-ல் திறந்தபோது அவருக்கு வயது 47. "நான் செபிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மனம் ஓடிவிடுகிறது, எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்பவர்களிடம் நான் வேறு அறிவுரை சொல்வதில்லை. இந்தப் பக்கங்களைக் கையில் கொடுத்துவிடுவேன்.

அடுத்தது லிசியே தெரேசா, நம் சிறுமலர். இவர் சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்த புனிதராக நமக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1897-ல் 24 வயதில் காசநோயில் இறந்தார். அடுத்த ஆண்டே வெளிவந்த வரலாறு, அவருடைய அக்காவும் அதே மடத்தில் தலைவியாக இருந்தவருமான போலின் திருத்திச் சீர்செய்தது. அவர் கைப்பட எழுதியது எழுதியபடியே வெளிவர 1956 ஆயிற்று. அதில் ஒரு காட்சி. மாலைத் தியான நேரத்தில் பின்னால் இருக்கும் ஒரு சகோதரி, இரண்டு சிப்பிகளை உரசுவது போல ஓயாமல் ஒரு சத்தம் எழுப்புவார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். பார்க்கவில்லை, வியர்த்துக் கொட்ட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, கேட்காமல் இருக்க முயல்வதை விட்டுவிட்டு, அதை ஓர் இசைக் கச்சேரி போல உன்னிப்பாகக் கேட்டு அதையே இயேசுவுக்குக் காணிக்கையாக்கினார். கூட்டுக் குடும்பத்திலும் அலுவலகத்திலும் இருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அவருடைய கடைசி ஒன்றரை ஆண்டில் விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருள் அவரைப் பிடித்திருந்தது என்பதும் சாந்தமான அந்தப் படங்களில் தெரியாது.

உங்கள் நிலைமைக்கு மகளைவிட நெருக்கமானவர்கள் அவருடைய பெற்றோர். லூயி, செலி மார்ட்டின் தம்பதி 2015-ல் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றார்கள். கணவனும் மனைவியுமாக ஒரே நேரத்தில் பட்டம் பெற்ற முதல் தம்பதி இவர்கள். செலி சொந்தமாக லேஸ் பின்னும் தொழில் நடத்தினார். லூயி தம் கடிகாரக் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எத்தனை கணவர்கள் அப்படிச் செய்திருப்பார்கள்? ஒன்பது பிள்ளைகள், நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். செலியின் கடிதங்கள் இருநூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் காட்சிகளோ பரவசங்களோ கிடையாது. ஆர்டர் நெருக்குகிறது, தூக்கம் போதவில்லை, இந்த லேஸ் என் உயிரை வாங்குகிறது என்ற சலிப்பு இருக்கிறது. லெயோனி என்ற மகள் அடங்கவே மாட்டேன் என்கிறாள், பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், இவளை என்ன செய்வேன் என்ற கவலை இருக்கிறது. 1877-ல் மார்பகப் புற்றுநோயில் 45 வயதில் இறந்தபோது கடைசி மகளுக்கு நான்கு வயது. லூயி பின்னாளில் மனநோய்க்கு ஆளாகி மூன்றாண்டு மனநல விடுதியில் இருந்தார். அக்கம்பக்கத்தார் பேசிய பேச்சைப் பிள்ளைகள் தாங்க வேண்டியிருந்தது. அந்த அடங்காத லெயோனி, துறவு மடங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்து, கடைசியில் 1899-ல் ஒரு மடத்தில் நிலைத்தார். தாய் அதைப் பார்க்கவில்லை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மாட்டேன், ஏனென்றால் இவரை மறையுரைகளில் நான் கேட்டதே இல்லை. மாற்கு ஜி தியன்சியாங், சீன நாட்டு மருத்துவர், குடும்பத் தலைவர். வயிற்று நோய்க்கு வலிநிவாரணியாக எடுத்த அபினுக்கு அடிமையானார். திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார், திரும்பத் திரும்ப விழுந்தார். மனந்திரும்பும் எண்ணமே இல்லை என்று முடிவுசெய்த குரு, பழக்கத்தை விடும்வரை பாவமன்னிப்புக் கிடையாது என்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நற்கருணை இல்லாமல், ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்தாமல், ஊரார் பார்வையில் தலைகுனிந்து வாழ்ந்தார். போதையிலிருந்து அவர் மீண்டதாகச் செய்தி இல்லை. 1900-ல் அந்நியருக்கும் கிறிஸ்தவருக்கும் எதிராக எழுந்த பாக்சர் கலவரத்தில் குடும்பத்தாரோடு பிடிபட்டு, விசுவாசத்தை மறுக்காமல் கொல்லப்பட்டார். தன் குடும்பத்தில் எவரும் தனியாகச் சாகக்கூடாது என்று தன்னைக் கடைசியாக வெட்டும்படி கேட்டதாகச் சொல்லப்படுகிறது; அது மரபுச் செய்தி, நான் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்கிறேன். 2000-ல் சீன மறைசாட்சிகள் 120 பேரில் ஒருவராகப் புனிதர் பட்டம் பெற்றார். அந்தக் குருவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அடிமைத்தனம் ஒரு நோய் என்ற அறிவு அன்று இல்லை. குடிநோயாளி மகனை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய்மார்களிடம் இவரைப் பற்றிச் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும்.

இனி, புனிதர்களிடமிருந்து கற்கக் கூடாதவை. இதைப் பலர் விரும்புவதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சவேரியார் மீது எனக்குள்ள பற்று பெரிது. அவர்தான் 1546-ல் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து போர்த்துகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார். அது 1560-ல், அவர் இறந்து எட்டாண்டு கழித்து, அங்கே நிறுவப்பட்டு நெடுங்காலம் பலரை வதைத்தது. மனச்சான்றுக்காக 1535-ல் தலையைக் கொடுத்த தாமஸ் மோர், தாம் இங்கிலாந்து மன்னரின் உயர் அமைச்சரான லார்டு சான்சலராக இருந்தபோது தப்பறையாளர்கள், அதாவது திருச்சபைக் கொள்கைக்கு மாறாகப் போதித்தவர்கள், எரிக்கப்பட்டதை எழுத்தில் நியாயப்படுத்தியவர். தம் மனச்சான்றுக்குக் கேட்ட இடத்தை அவர்களுடைய மனச்சான்றுக்கு அவர் கொடுக்கவில்லை. காலம் அப்படி என்பது ஓரளவுக்கு விளக்கம். முழு விளக்கம் ஆகாது. புனிதர் சொன்னது எல்லாம் நற்செய்திக்கு முழுக்க உண்மையானது அல்ல, செய்தது எல்லாம் குறையற்றதும் அல்ல, வாழ்வை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ல் தம் திருத்தூது ஊக்கவுரையில் எழுதினார். இவ்வளவு பக்தியுள்ளவர்களே தங்கள் காலத்தின் குருட்டுப் புள்ளியைக் காணவில்லை என்றால், என் காலத்தில் நான் எதைக் காணாமல் இருக்கிறேன் என்ற கேள்வி எனக்கு இங்கிருந்துதான் வந்தது. இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. கணவன் அடிக்கிறான் என்று சொல்லி வந்த ஒரு பெண்ணிடம், மோனிக்காவைப் போல் பொறுமையாக இரு என்று சொல்லி அனுப்பியதை நான் அறிவேன். அகுஸ்தினார் தம் தாயைப் பற்றி எழுதும்போது, முகத்தில் காயத்தோடு வந்த தோழிகளுக்கு, திருமண ஒப்பந்தம் உங்களைப் பணிப்பெண்கள் ஆக்கிவிட்டது என்று மோனிக்கா சொன்னதைப் பதிவு செய்கிறார். அது நான்காம் நூற்றாண்டு உரோமைப் பேரரசின் சட்டமும் வழக்கமும், நற்செய்தியின் கட்டளை கிடையாது. வாழ்க்கைத்துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ கடும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று இன்றைய திருச்சபைச் சட்டமே 1153-ஆம் எண்ணில் சொல்கிறது. மோனிக்காவிடம் கற்க நிறைய இருக்கிறது, மகனை விடாமல் பின்தொடர்ந்த அந்தப் பிடிவாதம் முதலாக. அடி வாங்குவது அந்தப் பட்டியலில் சேராது. சியன்னா கத்தரீனின் நோன்பையும் இதே எச்சரிக்கையோடு படியுங்கள். கடைசிக் காலத்தில் அவரால் உண்ணவே முடியவில்லை, 1380-ல் 33 வயதில் இறந்தார். உண்ண மறுக்கும் பெண்பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அவர் வரலாற்றைக் கையில் கொடுக்காதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அன்னை தெரசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007-ல் வெளியான அவருடைய கடிதங்கள், இடையில் ஒரு சிறு வெளிச்சம் தவிர, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இறைவனின் உடனிருப்பை உணராமலே அவர் பணிசெய்தார் என்று காட்டின. இவை உண்மையான கடிதங்கள், அதில் ஐயமில்லை. அது ஆன்ம இருளா, மனச்சோர்வு நோயா என்ற விவாதத்தில் நான் இறங்க மாட்டேன். நான் மருத்துவன் இல்லை. என் அனுபவத்தில் ஒரு நடைமுறை வேறுபாடு மட்டும் சொல்வேன்: செபம் வறண்டிருந்தாலும் அன்றாட வேலையும் தூக்கமும் பசியும் பிறர்மீதான அக்கறையும் நிலையாக இருந்தால் ஆன்ம வழிகாட்டியிடம் பேசலாம். அவையும் சரிந்தால் முதலில் மருத்துவர். இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு, அப்போது இருவரிடமும் போக வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், தொகுப்பு நூல்களை ஓரமாக வைத்துவிடுங்கள். நாளுக்கு ஒரு புனிதர் என்று ஓடினால் ஒருவரும் மனதில் நிற்க மாட்டார்கள். ஓராண்டுக்கு ஒருவர் போதும், அவர் எழுதியதையே படியுங்கள். உங்களுக்கென்றால் செலியின் கடிதங்கள். எடுத்த எடுப்பில் அகுஸ்தினாரின் ஒப்புதல்கள் வேண்டாம். அருமையான நூல், ஆனால் கடைசி நான்கு பாகங்களில் பலர் மூச்சுத் திணறிப் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக உங்கள் சிமியோன். அவர் உயிரோடு இருந்தபோதே அவரை அறிந்து எழுதிய சீருஸ் ஆயர் தியோதொரேத்து, அவர் முதலில் தூண்மேல் ஏறியதற்குச் சொல்லும் காரணம் மிகச் சாதாரணமானது: கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் அவர் தோலாடையைத் தொட முண்டியடித்தார்கள், அந்தத் தொல்லை தாங்கவில்லை. ஏறியும் தப்பவில்லை. இரவும் பகலும் செபித்தவர், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு கீழே நிற்பவர்களுக்குப் போதித்தார், அவர்கள் கொண்டுவந்த விண்ணப்பங்களைக் கேட்டார், வழக்குகளைத் தீர்த்துவைத்தார். சூரியன் மறையும்வரை இது நடக்கும், பிறகுதான் மறுபடி இறைவனோடு பேச்சு. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்குச் செபிக்க நேரம் கிடைக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.